அமன்ஜி, எமன்ட்டி: டர்பன் முதல் மன்சினி வரை

ஜூலை 6, ஞாயிறு. டர்பன்

அக்கா மகன் விமான நிலையத்துக்கு வந்திருந்தான். இங்கே ஜூலை என்றால் குளிர்காலம், இரண்டு ஸ்வெட்டராவது வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன். இறங்கிப் பார்த்தால் நம் ஊர் மார்கழிப் பகல்போல இதமான வெயில். "கடலோரத்துல இப்படித்தான் மாமா. உள்ளே மலைக்குப் போங்க, அப்புறம் தெரியும்" என்றான்.

நான் குமரி மாவட்டத்தில் 28 ஆண்டுகள் பள்ளியில் தமிழ் நடத்தியவன். விளவங்கோடு பக்கம் பிறந்ததால், தமிழும் மலையாளமும் எங்கே ஒட்டுகின்றன, எங்கே பிரிகின்றன என்பது சின்ன வயதிலிருந்தே காதில் விழுகிற சங்கதி. இந்தத் தென்னாப்பிரிக்காவின் கிழக்குப் பக்கத்திலும் அதேபோல ஒட்டிப் பிறந்த மொழிகள் வரிசையாக இருக்கின்றன. டர்பனைச் சுற்றி ஜூலு, தெற்கே போனால் கோசா, வடக்கே எஸ்வாட்டினி நாட்டில் சிஸ்வாட்டி. மூன்றையும் சேர்த்து ங்குனி மொழிகள் என்பார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்று எந்த இடத்தில் தொடங்குகிறது என்று தரை வழியாகப் போய்க் காதால் கேட்க வேண்டும். பணி ஓய்வு பெற்ற நாளிலிருந்து இருந்த ஆசை இது.

இரவு பன்னி சௌ சாப்பிட்டோம். ரொட்டியில் கால்வாசியை வெட்டி, உள்ளே குடைந்து, பீன்ஸ் குழம்பை ஊற்றித் தருகிறார்கள். 50 ராண்ட், நம் பணத்தில் சுமார் 250 ரூபாய். குடைந்தெடுத்த ரொட்டித் துண்டால் குழம்பைத் தொட்டுச் சாப்பிட வேண்டும். பட்டையும் கறிவேப்பிலையும் மணந்தன. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்டத்துக்கு வந்து இறங்கியவர்களின் கைமணம் இன்னும் இந்த ஊர்ச் சமையலில் இருக்கிறது.

ஜூலை 7, திங்கள். டர்பன், வார்விக் சந்தை

காலை ஆறரைக்கே சந்தை நிரம்பிவிட்டது. மருமகனோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி துணைக்கு வந்தாள். அவளுடைய தாய்மொழி ஜூலு. முதல் கடையில் நான் நேராக விலை கேட்டேன். கடைக்காரப் பாட்டி என்னைப் பார்த்தார், பதில் சொல்லவில்லை. "முதல்ல வணக்கம் சொல்லுங்க, அப்புறம் விலை" என்று இவள் காதில் சொன்னாள். "சாவுபோனா, கோகோ" என்றேன். கோகோ என்றால் பாட்டி. சாவுபோனா என்ற சொல்லுக்குள் 'உன்னைப் பார்க்கிறோம்' என்ற பொருள் இருக்கிறது. "யெபோ" என்று முகம் மலர்ந்தது. உடல்நலம் விசாரித்து, எந்த ஊர் என்று கேட்டு முடித்த பிறகுதான் வியாபாரம்.

வாங்கியது நார்ச்சி. கமலா ஆரஞ்சு மாதிரி, தோல் தளர்ந்த சின்னப் பழம். இந்தப் பெயர் நம் நாரத்தையிலிருந்து வந்தது என்று இங்குள்ள அகராதிகளே சொல்கின்றன. ஒரு பை 10 ராண்ட். பையில் எத்தனை என்று கேட்டதற்குப் பாட்டி "இசிட்டூபா" என்று கட்டைவிரலை நிமிர்த்தினார். நல்ல பழம் என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். துணைக்கு வந்த பெண் விளக்கினாள்: இசிட்டூபா என்றாலே கட்டைவிரல், அதுதான் ஆறு. இடக்கையில் சுண்டுவிரலிலிருந்து எண்ணி ஐந்து முடிந்ததும் அடுத்த கையின் கட்டைவிரல் ஆறு. அதற்கடுத்த விரல் ஏழு, இசிகோம்பீசா, அதாவது 'சுட்டிக்காட்டுவது'. நாமும் சுட்டுவிரல் என்றுதான் சொல்கிறோம். பாட்டி தன் கையில் எண்ணிக்காட்ட, நான் என் கையில் எண்ணினேன். ஏழுக்கு வந்ததும் அவரே என் விரலைப் பிடித்துப் பழத்தைச் சுட்ட வைத்தார்.

பிறகு தேநீர் குடிக்க உட்கார்ந்தோம், கூடவே அமக்வின்யா என்ற எண்ணெயில் பொரித்த உருண்டை ரொட்டி, ஒன்று 3 ராண்ட். அப்போது அவளிடம் ஒரு வாக்கியம் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன். 'என் மாடுகள் எல்லாம் தின்கின்றன.' ஜூலுவில்:

இஜின்கோமோ ஜாமி ஜோன்கே ஜியட்லா.

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மாடுகளில் இருக்கும் 'ஜி' என்ற முன்னொட்டு, 'என்', 'எல்லாம்', 'தின்கின்றன' என்று ஒவ்வொரு சொல்லின் தலையிலும் போய் உட்கார்கிறது. நாம் செய்யுளில் தேடித் தேடிப் போடும் மோனை இங்கே இலக்கணமாகவே இருக்கிறது. சந்தையில் வெங்காயத்துக்குப் பேரம் பேசுபவர்கூட மோனை தவறாமல்தான் பேச வேண்டும். மனிதன் என்றால் உமுன்ட்டு, மனிதர்கள் என்றால் அபன்ட்டு. அங்கே 'பா' முன்னே வந்து எல்லாச் சொல்லையும் தன் பக்கம் இழுக்கும்.

இந்த அபன்ட்டுவிலிருந்துதான் பாண்ட்டு என்ற பெயர். வில்ஹெல்ம் ப்ளீக் என்ற ஜெர்மன் அறிஞர் மொழிக் குடும்பத்துக்கு இட்ட பெயர் அது. அவருடைய ஒப்பிலக்கணத்தின் முதல் பகுதி 1862-ல் வந்தது, நம் கால்டுவெல்லின் நூலுக்கு ஆறு வருடம் பின்னால். நான் அந்தச் சொல்லைச் சந்தையில் சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். அவள் குரலைத் தாழ்த்தி, "இங்கே மனுஷங்களைப் பார்த்து அப்படிச் சொல்லாதீங்க பாபா" என்றாள். பாபா என்றால் ஜூலுவில் அப்பா. நிறவெறி அரசு கறுப்பின மக்களுக்கு அந்தப் பெயரைத்தான் சூட்டியது. 1953-ல் கறுப்பினப் பிள்ளைகளுக்கு மட்டமான கல்வி என்று சட்டம் போட்டபோதும் அதன் பெயர் பாண்ட்டுக் கல்விச் சட்டம். 'மனிதர்கள்' என்று பொருள்படும் சொல்லையே வசவாக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு பயணம் முழுக்க ஜூலு, கோசா என்று மொழியின் பெயரைத்தான் சொன்னேன்.

ஜூலை 8, செவ்வாய். டர்பன்

கடற்கரை, தூக்கம், துணி துவைத்தல். எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 9, புதன். இக்ஸோபோ, உம்ஜிம்குலு, கோக்ஸ்டட்

இங்கே டாக்சி என்றால் பதினைந்து பேர் போகும் வேன். நிரம்பினால்தான் புறப்படும். காலை 7 மணிக்குப் போய் உட்கார்ந்தேன், வண்டி 10.20-க்குக் கிளம்பியது. ஆனால் ஒருவரும் சலித்துக்கொள்ளவில்லை. புதிதாக ஏறும் ஒவ்வொருவரும் "சானிபோனானி" என்று வண்டிக்கே வணக்கம் சொல்ல, உள்ளே இருப்பவர்கள் சேர்ந்து "யெபோ" என்கிறார்கள். மூன்று மணி நேரத்தில் பதினான்கு முறை நானும் சொன்னேன். கட்டணம் பின் இருக்கையிலிருந்து கைமாறி முன்னே போகிறது, சில்லறை அதே வழியில் திரும்பி வருகிறது. எதையும் ஒற்றைக் கையால் வாங்குவதில்லை. வலக்கை நீட்டும்போது இடக்கை வலக்கையின் முழங்கையைத் தாங்குகிறது. நம் வீட்டில் பெரியவர்களிடம் திருநீறு வாங்குகிற பாவம்.

பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண். டர்பன்காரி, படிப்பது உம்டாட்டாவில். ஜூலு பேசும் வீட்டிலிருந்து கோசா ஊருக்குப் போனவள் என்றதும் நான் நோட்டை எடுத்துவிட்டேன். முதல் வாரம் அறைக்காரம்மா அவளிடம் 'தேட்டா' என்ற வினையை வைத்து ஏதோ கேட்டாராம். இவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜூலுவில் தேட்டா என்றால் திட்டுவது, கண்டிப்பது. கோசாவில் அதே தேட்டா சும்மா 'பேசு' என்பதற்கான சொல். அந்த அம்மா கேட்டது "என்னோட பேசணுமா?" என்று. ஜூலுக்காரர்கள் பேசுவதைக் குலூமா என்பார்கள்.

"இதாவது பரவாயில்லை பாபா. தண்ணி குடிக்கணும்னு சொன்னதுக்கு எல்லாரும் சிரிச்சாங்க" என்றாள். ஜூலுவில் குடிப்பது பூஜா. கோசாவில் குடிப்பதற்குச் சேலா, பூஜா என்றால் முத்தமிடுவது. தண்ணீருக்கு இரண்டிலும் அமன்ஜிதான். ஆகவே அவள் தண்ணீரை முத்தமிட வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். வண்டியில் இருந்த ஒரு கோசா அம்மா இதைக் கேட்டுவிட்டு, தன் பிள்ளைகள் டர்பனுக்குப் போய் இதற்கு நேர்மாறாக மாட்டிக்கொண்ட கதையைச் சொல்ல, கோக்ஸ்டட் வரை இதே பேச்சு.

இக்ஸோபோ என்ற ஊர்ப்பெயர் சேற்றிலிருந்து மாடு காலை உருவும் ஓசையைக் குறிக்கும் என்கிறார்கள். நடுவில் இருக்கும் அந்த ஒலியைக் கன்னத்தின் ஓரத்தில் எழுப்ப வேண்டும். நம் வண்டிக்காரர்கள் மாட்டை ஓட்டும்போது வாயோரத்தில் சொடுக்குவார்களே, அதேதான். ஓட்டுநர் இரண்டு முறை சொல்லிக்காட்டினார். என் நாக்குக்குத் தனியாக வருகிறது, சொல்லுக்கு நடுவில் வைத்தால் வரவில்லை.

அடுத்த ஊர் உம்ஜிம்குலு. இது 2006 வரை கிழக்கு கேப் மாகாணத்தில் இருந்தது, அதாவது காகிதத்தில் கோசாப் பக்கம். எல்லைக்கோட்டை நகர்த்தி க்வாஜூலு-நட்டாலில் சேர்த்தார்கள். நிறுத்தத்தில் ஆரஞ்சு விற்றவர்கள் பேசியது ஜூலுவா கோசாவா என்று கல்லூரிப் பெண்ணிடம் கேட்டேன். கொஞ்சம் கேட்டுப் பார்த்துவிட்டு, "ரெண்டும் இல்ல. ரெண்டும்தான்" என்றாள்.

கோக்ஸ்டட் கடல்மட்டத்துக்கு 1,300 மீட்டர் மேலே. இறங்கியதும் மருமகன் சொன்ன குளிர் தெரிந்தது. மூக்கு நுனி மரத்துவிட்டது. விடுதியில் சூப் ஊற்றிய பையன் லெசோத்தோ பக்கத்துக்காரன். அவன் மொழியில் மனிதன் மோத்தோ, மனிதர்கள் பாத்தோ, தண்ணீர் மெட்சி. தெலுங்கைக் கேட்பதுபோல இருந்தது எனக்கு. உறவு தெரிகிறது, ஆனால் பேச்சு புரியாத தூரம். ஜூலுவும் கோசாவும் அப்படியில்லை. அவை பேசிக்கொண்டே போய்விடக்கூடிய நெருக்கம்.

ஜூலை 10, வியாழன். குவாபாச்சா

காலையில் புல்லெல்லாம் உறைபனி, மிதித்தால் அப்பளம் நொறுங்கும் ஓசை.

குவாபாச்சா என்றால் பாச்சா மக்களின் இடம். 'ச்சா' என்று நான் எழுதுவது நிஜத்தில் ஒரு சொடுக்கொலி: யாராவது துயரம் சொன்னால் நாம் உச்சுக் கொட்டுவோமே, நாக்கின் நுனியைப் பல்லில் ஒட்டி, அது. தமிழ் எழுத்தில் அதற்கு இடமில்லாததால் இப்படி எழுதுகிறேன்.

தங்கியது ஒரு அம்மாவின் வீட்டில், இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறார். இரவுக்கு 400 ராண்ட், காலைச் சாப்பாடு சேர்த்து. உதிரி உதிரியான சோள மாவுக் களியில் புளித்த கெட்டிப்பாலை ஊற்றித் தந்தார். குளிரில் புளித்த பாலா என்று தயங்கினேன். ஒரு வாய் வைத்ததும் பழைய சோற்றில் தயிர் விட்டுப் பிசைந்த நினைவு வந்துவிட்டது. இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். பாலுக்கு அமாசி என்றுதான் டர்பனிலும் சொன்னார்கள். களிக்கு அங்கே உபூட்டு. கோசாவில் பாலோடு சேர்ந்த இந்தக் களிக்கு உம்போகோகோ, கடைசி 'கோ'வில் ஒரு சொடுக்கு.

அந்த அம்மா தன் தாயிடம் பேசியதைக் கேட்டபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கெல்லாம் 'ட' வரும் என்று எதிர்பார்த்தேனோ அங்கெல்லாம் ஒரு உரசல். 'ட்ச', 'ட்ஜ' என்று காற்று கசிந்து போகிறது. இது ஜூலுவும் இல்லை, கோசாவும் இல்லை. பாச்சா மொழி என்றார். மொழியியலில் டெக்கேலா என்று ஒரு கிளை சொல்வார்கள், எஸ்வாட்டினியின் சிஸ்வாட்டியும் அதில்தான். சிஸ்வாட்டி இங்கிருந்து வெகுதூரம் வடக்கே. நடுவில் ஜூலு நாடு முழுவதும் கிடக்கிறது.

எப்படி இங்கே வந்தது? ஜூலு மன்னர் ஷாகா காலத்துக் கலவரங்களில் இவர்கள் மட்ஜிகானே என்ற தலைவரின் பின்னால் வடக்கிலிருந்து தெற்கே வந்தவர்கள். அந்தப் பெயரிலேயே தடயம் இருக்கிறது. ஜூலுக்காரர்கள் மடிகானே என்பார்கள், இவர்கள் வாயில் 'டி' உரசி 'ட்ஜி' ஆகிறது. இந்த ஊர் மருத்துவமனைப் பலகையில் மட்ஜிகானே என்றே எழுதியிருக்கிறது. பார்த்துவிட்டு வந்தேன்.

ஜூலை 11, வெள்ளி. குவாபாச்சா

இன்று எங்கும் போகவில்லை. காற்று பலமாக இருந்தது, அதோடு நேற்று வாக்குக்கொடுத்தபடி அந்த வீட்டுப் பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். ஐந்தாம் வகுப்பு, குளிர்கால விடுமுறை. கணக்கு நோட்டுக்குக் கீழே கோசா மொழிப்பாட நோட்டு இருந்தது. திறந்து பார்த்தேன். ஒரு பக்கத்தில் நான்கு சிவப்பு வட்டங்கள். வட்டத்துக்குள் இருந்தவை அவன் வீட்டில் கேட்கிற சொற்கள், அந்த உரசலோடு, காதில் விழுந்தபடி எழுதப்பட்டவை. மேலே ஆசிரியர் கோசா வடிவத்தை எழுதியிருந்தார். "ஸ்கூலில் கோசா, டிவியில் ஜூலு, வீட்டில் இது" என்றார் அம்மா. "என் காலத்தில் இப்படிப் பேசினால் அடி விழும். இப்போ வட்டம் மட்டும்தான்."

நாட்டின் அதிகாரபூர்வ மொழிகளின் பட்டியலில் 1996 அரசியல் சாசனம் பதினொன்றைச் சேர்த்தது, 2023-ல் சைகை மொழி பன்னிரண்டாவது ஆனது. பாச்சா அதில் இல்லை. கோசாவின் கிளைமொழி என்ற கணக்கில் போகிறது.

இதை எழுதாமல் விட முடியவில்லை. என் வகுப்பில் ஒரு பையன் 'தாகமாக இருந்தது, வெள்ளம் குடித்தேன்' என்று கட்டுரையில் எழுதியிருந்தான். எங்கள் பக்கம் குடிக்கிற தண்ணீருக்கு வெள்ளம் என்று சொல்கிற வீடுகள் உண்டு. என் பாட்டியும் அப்படித்தான் சொன்னார். நான் அந்தச் சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு, மேலே தண்ணீர் என்று எழுதி, ஒரு மதிப்பெண் குறைத்தேன். அந்த நோட்டும் வட்டமும் இன்று கண்முன் வந்து நின்றன.

இரவில் அடுப்பருகே இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். மிஷனரிகள் 1823-ல் ட்யூமே பள்ளத்தாக்கில் அச்சு இயந்திரத்தைக் கொண்டுபோய் இறக்கினார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் பேசிய பேச்சு கோசா எழுத்துமொழியின் அடித்தளமாயிற்று. கோசா பைபிள் முழுதாக 1859-ல் வந்தது, ஜூலு பைபிள் 1883-ல். அச்சு இயந்திரம் இந்தச் சரிவில் இறங்கியிருந்தால் வட்டம் வேறு சொற்களைச் சுற்றி விழுந்திருக்கும். பேச்சு இக்ஸோபோவிலிருந்து இங்கே வரை மெல்ல மெல்லத்தான் மாறுகிறது, எந்தப் பாலத்திலும் சட்டென்று அறுபடவில்லை. அறுத்தது பாடப்புத்தகம். ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன், எனக்கு வலிக்கிறது.

படுக்கப் போகுமுன் அம்மாவின் தாயாரிடம் அனுமதி கேட்டு, அவர் பேச்சை என் போனில் அரை நிமிடம் பதிவு செய்துகொண்டேன். சிறுமியாக ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போன கதை.

ஜூலை 12, சனி. உம்டாட்டா, க்யூனு

இங்கே சாவுபோனா இல்லை. வண்டியில் ஏறினால் "மோல்வேனி", ஒருவருக்கு "மோலோ". ஆமாம் என்பதற்கு யெபோ போய் "எவே". நன்றிக்கு ங்கியாபோங்கா போய் "என்கோசி". என்னையும் பாபா என்று யாரும் கூப்பிடவில்லை, "டாட்டா" என்றார்கள். முதல்முறை கேட்டதும் தாத்தா என்கிறார்கள் என்றே நினைத்தேன். கோசாவில் டாட்டா அப்பா. மண்டேலாவையும் இங்கே டாட்டா என்றே சொல்கிறார்கள், அல்லது குலப்பெயரால் மடீபா என்று.

அவர் சிறுவனாக மாடு மேய்த்த க்யூனுவுக்குப் போனேன். இந்த ஊர்ப்பெயரின் முதல் எழுத்து மூன்றாவது சொடுக்கு. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி 'டொக்' என்று விடுவிக்க வேண்டும், குழந்தைகள் குதிரை ஓட்டம் காட்டுவார்களே, அப்படி. புல்வெளி காய்ந்து வெளிர் மஞ்சளாகக் கிடந்தது. ஒரு முதியவர் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். நோட்டை நீட்டாமல் என் வாக்கியத்தை ஜூலுவில் சொன்னேன். அவர் நின்று, மாடுகளைப் பார்த்து, தன் மொழியில் திருத்திச் சொன்னார்:

ஈன்கோமோ ஜாம் ஜோன்கே ஜியட்யா.

இஜின் என்பது நீண்டு ஈன் ஆகிவிட்டது. 'என்' என்பதன் கடைசி உயிரொலி உதிர்ந்துவிட்டது. தின்பதற்கு வேறு வினை. ஆனால் மோனை மட்டும் இம்மி பிசகவில்லை.

மதியம் சாலையோரக் கடையில் உம்ங்குஷோ, உடைத்த சோளமும் பயறும் மணிக்கணக்கில் வெந்தது. 45 ராண்ட். உப்பு மட்டும்தான், ஆனால் குளிருக்கு அதைவிட வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. கடைக்கார அம்மாவிடம் சொடுக்கொலிகள் பற்றிக் கேட்டேன். இவை ங்குனி மொழிகளுக்குப் பிறவியில் வந்தவை அல்ல. முன்பே இந்த மண்ணில் இருந்த கோய், சான் மக்களின் மொழிகளிலிருந்து வந்தவை. வந்த வழியாக மொழியியலாளர்கள் சிலர் சொல்வது ஹ்லோனிபா என்ற மரியாதை வழக்கத்தை: மருமகள் மாமனார் பெயரில் வரும் அசைகளைக்கூட வாயால் சொல்லக்கூடாது. அந்த அசை வரும் சாதாரணச் சொல்லுக்கும் மாற்றுச் சொல் தேட வேண்டும், அல்லது அதில் ஒரு ஒலியை மாற்ற வேண்டும். மாற்றி வைக்கப் பக்கத்து மக்களின் சொடுக்கொலி கைகொடுத்தது. அந்த அம்மா தானும் புதிதாக வாழ்க்கைப்பட்டபோது இரண்டு வருடம் அப்படிப் பேசியதாகச் சொன்னார். முருகன் என்று கணவர் பெயர் இருந்ததால் கோயிலில் 'அந்தச் சாமி' என்றே கும்பிட்ட என் சித்தியைப் பற்றிச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஜூலை 13, ஞாயிறு. சாலையில்

டர்பனுக்குத் திரும்பும் பயணம், எட்டரை மணி நேரம். பின்னால் இணைத்த சுமைவண்டியில் இருந்த என் பை வழியில் யாரோ ஒருவருடைய பையோடு இறங்கிவிட்டது. ஸ்வெட்டர் இரண்டும் அதில் போனது. நோட்டும் போனும் மடியில் இருந்ததால் மனம் ஆறிவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மா கேட்காமலே தன் போர்வையின் பாதியை என் முழங்காலில் போட்டார்.

வழியில் படித்த ஒரு செய்தி மனதில் சுற்றிக்கொண்டிருந்தது. 1944-ல் ஜேக்கப் ந்லாப்போ என்ற ஆசிரியர் ங்குனி மொழிகளுக்கெல்லாம் பொதுவாக ஒரே எழுத்துமொழி வேண்டும் என்று எழுதினார். 1980-களின் கடைசியில் நெவில் அலெக்சாண்டர் என்ற கல்வியாளர் அதை மறுபடி கிளப்பினார். எடுபடவில்லை. வண்டியில் விசாரித்தேன். "நல்லதுதான், எல்லாரும் ஜூலு எழுதலாம்" என்றார் ஒருவர். "கோசாதான் பழைய எழுத்து" என்றார் இன்னொருவர். பின் இருக்கையில் இருந்த பையன், "அப்போ எங்க அம்மா பேசுறது எங்கே போகும்?" என்றான். நான் அவன் பக்கம்.

ஜூலை 14, திங்கள். கோலேலா எல்லை, மன்சினி

டர்பனிலிருந்து வடக்கே. கரும்பு, யூகலிப்டஸ், மறுபடி கரும்பு. எல்லைக்கு 60 கிலோமீட்டர் முன்னால் டயர் வெடித்தது. மாற்று டயரிலும் காற்றில்லை. எல்லை இரவில் மூடிவிடும் என்பதால் எல்லோரும் ஓட்டுநரைப் பார்க்க, அவர் வந்த லாரியை எல்லாம் கைகாட்டி நிறுத்தி, கடைசியில் ஒருவர் பம்பு கொடுத்தார். இரண்டு மணி நேரம் போனது. அந்த நேரம் முழுக்க ஆண்கள் புல்லைக் கொளுத்திக் குளிர் காய்ந்தார்கள், பெண்கள் சேர்ந்து பாடினார்கள்.

எல்லை தாண்டி எஸ்வாட்டினிக்குள் நுழைந்ததும் கையில் வந்த பணமே இலக்கணப் பாடம். ஒன்று என்றால் லிலாங்கேனி, பல என்றால் எமலாங்கேனி. ராண்டுக்குச் சமமான மதிப்பு. ஜூலுவின் 'அமா' இங்கே 'எமா'. தண்ணீர் அமன்ஜி அல்ல, எமன்ட்டி. ஜூலுவின் 'ஜ' எங்கெல்லாம் வருமோ அங்கெல்லாம் பெரும்பாலும் 'ட' வந்து உட்காருகிறது. 'வா' என்பதற்கு அங்கே வோஜா, இங்கே வோட்டா. என் வாக்கியத்தைப் பக்கத்து இருக்கைக்காரர் மாற்றித் தந்தார்:

டின்கோமோ டாமி டோன்கே டியட்லா.

நான்கு சொல்லிலும் ஜகாரம் மொத்தமாக இறங்கி, டகாரம் ஏறிக்கொண்டது.

ஜூலை 15, செவ்வாய். மன்சினி

சந்தையில் பெண்களை "மாகே" என்றும் ஆண்களை "பாபே" என்றும் அழைக்கிறார்கள். பாபா, டாட்டா, பாபே, பத்து நாளில் எனக்கு மூன்று பெயர். வணக்கத்துக்கு மீண்டும் சாவுபோனா வந்துவிட்டது, சொந்த ஊர் திரும்பியதுபோல.

கூடை பின்னி விற்கும் ஒரு பாபேயின் கடையில் உட்கார்ந்தேன். எழுபத்தைந்து வயதிருக்கும். ஒரு சின்னக் கூடை 80 எமலாங்கேனி, பேரம் பேசத் தோன்றவில்லை. அவரிடம் ஜூலுவின் 'உமுன்ட்டு', 'இன்டோடா' (ஆண்) இரண்டையும் சொல்லி, உங்கள் மொழியில் எப்படி என்றேன். "உமுன்ட்ஃபு. இன்ட்வோட்ஜா." திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னேன். அவர் வாயைப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. உதடு குவியும் உ, ஓ ஒலிகளுக்கு முன்னால் 'ட'வோடு ஃப, வ சேர்கிறது. குவியாத ஆ, இ ஒலிகளுக்கு முன்னால் ச, ஜ சேர்கிறது. மூன்று என்ற சொல்லில் இரண்டும் உண்டு. ஜூலுவின் 'தாத்து' இங்கே 'ட்சாட்ஃபு'. நீங்களே உதட்டைக் குவித்து 'டு' சொல்லத் தொடங்கிப் பாருங்கள், அந்த ஃப வாசலில் நிற்கும்.

அவர் பள்ளியில் படித்தது சிஸ்வாட்டி அல்ல. 1968-ல் சுதந்திரம் கிடைக்கும் வரை இங்கே பள்ளிகளில் ஜூலுதான். "வீட்டில் பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று. கோயிலில் ஜெபமும் ஜூலுவில்தான்" என்றார். சிஸ்வாட்டியில் முழு பைபிள் 1996-ல் வந்தது. அப்போது அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது. முதல் பக்கத்தைச் சத்தமாகப் படித்தபோது, செத்துப்போன தன் தாயே பேசியதுபோல இருந்ததாம். இவர்களுக்கு ஒரு ராஜாவும் ஒரு நாட்டெல்லையும் இருந்தன, மொழி பாடப்புத்தகத்துக்கும் பைபிளுக்கும் வந்துவிட்டது. குவாபாச்சாவில் அவை இல்லை.

போனை எடுத்தேன். யாருடைய குரல் என்று சொல்லாமல் அந்த அரை நிமிடத்தை ஓடவிட்டேன்.

முதலில் புருவத்தைச் சுருக்கினார். "கோசா கலக்குதே" என்றார். பிறகு ஏதோ ஒரு சொல்லில் அவர் கை கூடையை விட்டது. "யார் இது? எந்த வீட்டுப் பொண்ணு?" என்று குலப்பெயர் கேட்டார். இடத்தைச் சொன்னேன். அவ்வளவு தெற்கேயா என்று நம்பாமல் பக்கத்துக் கடை மாகேயைக் கூப்பிட்டார், இருவரும் சேர்ந்து மறுபடி கேட்டார்கள். சிரித்தார்கள். பிறகு என் போனை வாய்க்கருகே வைத்து அவரும் ஒரு நிமிடம் பேசினார். அனுப்பிவைத்தேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. பாட்டியின் குரல், இரண்டு நிமிடத்துக்கு மேல். எனக்கு ஒரு வரியும் புரியவில்லை, பின்னணியில் அந்தப் பையன் ஏதோ கத்துவது மட்டும் தெரிந்தது. பாபே தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறக்காமலே, இன்னொரு முறை என்று விரல் காட்டினார்.